ஒன்பதாம் விடயம்

மேசையில் ஒரு மட்டை:
திரு. பரிபூரணன், மக்கள் பிரதிநிதி.
நான் பரிபூரணம்.
பக்கத்திலிருந்தவரிடம் பேனா வாங்கித்
திருவை வெட்டினேன், னன்னை ம் ஆக்கினேன்.
பதுளைக் கச்சேரியில்
நான் செய்த முதல் வேலை அது.

மட்டையில் பேர் பிழை,
செக்ரோலில் பேரே இல்லை.
பத்து மணிக் கூட்டத்துக்கு
இருட்டோடு இறங்கியவள்
பெரட்டில் நிற்க முடியாது.
அரைப்பேராவது போடுங்க என்றதற்குக்
கணக்கப்பிள்ளை கேட்டார்:
"கதிரையில குந்தினதுக்கு ஏது பேரு?"
அங்கே பதினொரு பேர் குந்தியிருந்தார்கள்.
எல்லாருக்கும் அன்று சம்பள நாள்.

விளக்கை அணைத்தார்கள்.
எங்கள் மலை சுவரில் விழுந்தது.
போன கார்த்திகையில் ஒருமுறை விழுந்ததுதான்,
பதினாறு காம்பராவோடு.
இந்தமுறை வெளிச்சமாக, சத்தமில்லாமல்,
சிவப்பும் பச்சையும் பூசிக்கொண்டு.

பச்சை என்றால் வீடு கட்டலாமாம்.
பச்சை, பதினாலாம் நம்பர் மலை.
ஐப்பசியில் அங்கே நிரை பிடித்தால்
கணுக்கால் வரை உள்ளே போகும்.
கான் வெட்டி வெட்டி
ஆம்பளைகள் ஏசிவிட்டு வந்த இடம்.

கை தூக்கினேன்.
மொழிபெயர்க்க வந்த ருஷ்தி
காதோடு சொன்னான்:
"பொறுங்க அக்கா,
ஒன்பதாம் விடயத்தில கேப்பாங்க,
வேறு விடயங்கள் என்று இருக்கு."

நாலாம் விடயத்தில்
எங்கள் கக்கூசு எந்தப் பக்கம் பார்ப்பது என்று
நாற்பது நிமிடம் பேசினார்கள்.
நாற்பது நிமிடத்தையும் ருஷ்தி
தமிழில் தந்தான்:
"வீட்டைப் பத்திப் பேசுறாங்க அக்கா."

ஒன்பது வரும்போது பன்னிரண்டரை.
சோற்றுப் பார்சல்கள் கதவடியில் மணந்தன.
வேறு ஏதும் உண்டா, என்றார் தலைவர்,
பாதி எழுந்துகொண்டு.
உண்டு, என்றேன்.
"பச்சைக்குக் கீழ தண்ணி இருக்கு."

சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு என்று சொல்லமாட்டேன்.
மண் அளந்த பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை.
"நாங்க அளந்தது பெப்ரவரியில," என்றாள்,
யாருக்கோ சொல்வதுபோல,
கொப்பியில் எழுதினாள்.
பெப்ரவரியில் எங்கள் பீலியே சொட்டும்.

பிறகு தாள் வந்தது.
தமிழிலும் ஒரு பிரதி வைத்திருந்தார்கள்.
மக்கள் பிரதிநிதி உடன்பட்டார்
என்று அதில் அச்சடித்திருந்தது,
நான் பஸ் ஏறுவதற்கு முன்பே.

நான் ஒப்பமிடவில்லை.
"அப்ப வீடு பிந்தும்," என்றார் தலைவர்.
மிரட்டவில்லை அவர். மெய்யைச் சொன்னார்.
அந்த மெய்யோடு அப்புத்தளை வரை
நின்றுகொண்டே வந்தேன்.

பள்ளிக்கூட மண்டபத்தில்
முப்பத்துநாலு குடும்பம்,
சீலை கட்டிப் பிரித்த முப்பத்துநாலு வீடு.
எல்லாச் சீலையும் விலகியது.
"என்ன குடுத்தாங்க?"
சொன்னேன்.

சடையம்மா ஈரத் தலையோடு வந்து நின்றாள்.
பத்து மாதமாய்ப் பிள்ளைத்தாச்சி மருமகளைச்
சீமெந்துத் தரையில் படுக்கவைத்திருக்கிறவள்;
பிள்ளையும் அங்கேயே பிறந்து தவழ்கிறது.
"எங்க வீட்டத் தள்ளிப்போட
நீ யாருடி? ஒன்ன யாரு அனுப்பினா?"

யோசித்தேன். யாரும் அனுப்பவில்லை.
எனக்கு வாசிக்கத் தெரியும் என்று
சங்கத்துத் தலைவர் எழுதிக்கொடுத்த பேர் நான்.
முப்பத்துநாலு சீலைக்குள்ளும்
ஒருத்தரிடமும் கேட்டுக்கொண்டு போகவில்லை.
கச்சேரி எனக்குச் செய்ததை
நான் இவளுக்குச் செய்திருக்கிறேன்.
அதைச் சொல்ல வாய் வரவில்லை.
தேத்தண்ணி ஆறிப்போனது.

விடிய, புரட்டாசித் தூறலில்
அலவாங்கைத் தோளில் வைத்துச்
சடையம்மா மேலே போவதைக் கண்டேன்.
கூப்பிடவில்லை.

பெரட்டு கலையும் நேரம் இறங்கி வந்தாள்.
முழங்கால் வரை சேலை நனைந்து,
அலவாங்கின் நுனியில்
சாம்பல் நிறக் களி.
என்னோடு கதைக்கவில்லை.
காலைக் கழுவினாள், மற்றக் காலையும் கழுவினாள்,
பீலியைப் பார்த்தபடி கேட்டாள்:

"பதுளைக்குப் போக வர
பஸ்ஸுக்கு எவ்வளவு?"